மூர்த்திக்கு, யாழினி விஷயமாக

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, குரல் மட்டும் தெருமுனை வரை கேட்கிறது. நீ அனுப்பிய அல்வாவில் பாதியைப் பாலு தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்திர விஷயத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது தலைபோகிற விஷயம் வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை யாழினிக்கு மேட்ச். அவள் மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தைத் திருப்பும் லெக் ஸ்பின் போடுகிறாள் என்று போனில் சொன்னபோது நீ சிரித்தாய். நேரில் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டாய். உனக்கு அத்தனை வருஷம் கீப்பிங் நின்றவன் சொல்கிறேன், அந்தப் பந்து கையை விட்டு வரும்போதே ர்ர்ர் என்று சத்தம் கேட்கிறது. முதல் ஓவரில் ஒரு பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து, மட்டையையும் ஆஃப் ஸ்டம்பையும் தாண்டிப் போனது. கீப்பராக நின்ற குழந்தை கையை நீட்டுவதற்குள் பைஸில் நான்கு ரன். அடுத்த ஓவரில் எதிரணிப் பெண் இறங்கி வந்து இரண்டு சிக்ஸர் அடித்தாள். அவ்வளவுதான். கோச் பந்தை வாங்கி வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார். மேட்ச் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, "தூக்கிப் போடாதே, தட்டையா வேகமா போடு. எதிர்ப்பக்கம் திரும்புற கூக்ளி கத்துக்கோ, இந்தக் காலத்துல லெக் பிரேக் எல்லாம் எடுபடாது" என்றார். அன்றிலிருந்து பிள்ளை வீட்டு வராந்தாவில் சுவரைப் பார்த்துத் தட்டையாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த ர்ர்ர் இல்லை. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, மூர்த்தி.

லெக் பிரேக் எடுபடாது என்று ஒருவர் சொன்னால் எனக்கு உடனே ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்னேதான் ஞாபகம் வருகிறார். அவர் இறந்துபோன 2022 மார்ச் 4 ராத்திரி நீ போன் பண்ணி ஒன்றும் பேசாமல் இருந்தாயே, அன்றைக்கு நானும் ஒன்றும் பேசவில்லை. ஐம்பத்திரண்டு வயதெல்லாம் ஒரு வயதா? அப்போது சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். டிவியில் எல்லாரும் திரும்பத் திரும்ப இங்கிலாந்தின் மைக் கேட்டிங்குக்குப் போட்ட பந்தைத்தான் காட்டினார்கள். 1993 ஜூன், ஓல்டு டிராஃபோர்டு, இங்கிலாந்து மண்ணில் ஆஷஸில் அவர் போட்ட முதல் பந்து. காட்டட்டும், எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. நான் இப்போது யாழினியோடு உட்கார்ந்து அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். கை சுற்றுகிறது, பந்து நேராகக் கிளம்புகிறது. பாதி தூரம் வந்த பிறகு காற்றிலேயே லெக் பக்கம் சரிகிறது. கேட்டிங் காலை நீட்டி மட்டையைக் காலோடு ஒட்டி வைக்கிறார். அவர் செய்ததில் தப்பே இல்லை, பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து, அந்த அகலமான மனிதரை முழுதாகக் கடந்து ஆஃப் ஸ்டம்பின் உச்சியில் போய்ப் பட்டது.

அதில் மாயம் மந்திரம் ஒன்றும் இல்லை. வெறும் லெக் பிரேக். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே, மோதிர விரல் மடங்கிப் பக்கத்தில். சுழற்றுவதெல்லாம் அந்த மோதிர விரலும் மணிக்கட்டும்தான். நீ எங்களுக்கு எத்தனை தடவை மெஸ் ஆரஞ்சுப் பழத்தில் செய்து காட்டியிருக்கிறாய்! பலமாகச் சுழற்றினால்தான் பந்து காற்றில் சரியும், எதிர்பார்த்த இடத்துக்கு முன்னாலேயே சட்டென்று இறங்கும், தரையில் பட்டதும் எதிர்ப்பக்கம் திரும்பும். மூன்றும் ஒரே காரியத்தின் பலன். தட்டையாகப் போடச் சொன்னால் மூன்றும் சேர்ந்து போய்விடும். இதைத்தான் அந்தக் கோச்சிடம் சொன்னேன். "சார், இது டி20 காலம்" என்றார்.

சரி, டி20யையே எடுத்துக்கொள்வோம். 2020 பெண்கள் டி20 உலகக் கோப்பை முதல் மேட்சில், சிட்னியில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நம்ம பூனம் யாதவ் என்ன செய்தாள்? இந்தியா எடுத்தது வெறும் 132. அவள் 19 ரன் கொடுத்து நான்கு விக்கெட். அவர்களுடைய எல்லிஸ் பெர்ரி முதல் பந்திலேயே போல்டு. அது கூக்ளிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது எவ்வளவு மெதுவாக மிதந்து வந்தது! வேகமாகப் போட்டிருந்தால் பெர்ரி நின்ற இடத்திலிருந்தே தட்டி விட்டிருப்பாள். ஆப்கானிஸ்தானின் ரஷீத் கான் வேகமாகப் போட்டு ஜெயிக்கிறாரே என்று நீ கேட்பாய். அவருடைய கையும் அந்த வேகமும் அவருக்கு அமைந்தது. சுழற்றத் தெரிந்த பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதைத் திணிப்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை. வார்னேயின் கடைசி வருஷங்களை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. 1996இல் விரலில் ஆபரேஷன், 1998இல் தோளில். அதற்கப்புறம் கூக்ளியும், தாழ்வாகச் சீறும் ஃபிளிப்பரும் பழையபடி வரவில்லை. கையில் மிச்சம் இருந்தது பெரும்பாலும் லெக் பிரேக், கூடவே நேராகச் சறுக்கிப் போகும் அந்த ஸ்லைடர். அதை வைத்துக்கொண்டு 2005இல் ஒரே வருஷத்தில் 96 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். அந்த ஆஷஸில் மட்டும் நாற்பது, தோற்ற அணியில் இருந்துகொண்டு. ஒரே பந்தை ஒரு விரற்கடை அகலத்தில், கொஞ்சம் முன்னே, கொஞ்சம் மெதுவாக, கிரீஸில் கொஞ்சம் தள்ளி நின்று என்று மாற்றிக்கொண்டே இருந்தார். எதிரில் நிற்பவன் ஒவ்வொரு பந்தையும் புதுப் பந்து என்று நினைத்தான். மொத்தம் 708 விக்கெட். அதில் பெரும்பங்கு "எடுபடாது" என்று இவர்கள் சொல்கிற பந்துதான்.

ஆனால் எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகத் தோன்றுவது கொழும்பு. ஞாபகம் இருக்கிறதா, ஹாஸ்டல் டிரான்சிஸ்டரை நீ கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாய். 1992, எஸ்.எஸ்.சி. மைதானம். வார்னே அப்போது யாருக்கும் வேண்டாத ஆள். அந்த வருஷம் ஜனவரியில் சிட்னியில் நம்ம அணிக்கு எதிராக முதல் டெஸ்ட்: 150 ரன் கொடுத்து ஒரே ஒரு விக்கெட், அதுவும் இரட்டைச் சதம் அடித்து முடித்த சாஸ்திரி. கொழும்பில் முதல் இன்னிங்ஸில் 107 ரன் கொடுத்து ஒன்றும் இல்லை. கடைசி நாள் இலங்கைக்கு 181 தேவை, ஏழு எட்டு விக்கெட் கையில் வைத்துக்கொண்டு ஜெயிக்கிற நிலையில் இருந்தார்கள். விக்கெட்டுகள் சரிந்து மேட்ச் நூலில் தொங்கும்போது கேப்டன் ஆலன் பார்டர் பந்தை அவர் கையில் கொடுத்தார். யோசித்துப் பார், அவ்வளவு அடி வாங்கின பையனிடம்! கடைசி மூன்று விக்கெட்டையும் ஒரு ரன் கொடுக்காமல் எடுத்தார். 16 ரன்னில் வெற்றி. பார்டர் அன்றைக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால்?

இதை எழுதும்போது நம்ம லெக் ஸ்பின்னர் சிவாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1984இல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராகப் பன்னிரண்டு விக்கெட் எடுத்தபோது லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனுக்குப் பதினெட்டு வயது. மொத்தமே ஒன்பது டெஸ்ட். இருபது வயதில் டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது. 1998இல் சேப்பாக்கத்தில் வார்னே வரப்போகிறார் என்றதும் டெண்டுல்கர் யாரைக் கூப்பிட்டார்? சிவாவைத்தான். லெக் ஸ்டம்புக்கு வெளியே ஆடுகளத்தைக் கரடுமுரடாக்கி, அதில் போடச் சொல்லிப் பயிற்சி எடுத்தார். முதல் இன்னிங்ஸில் டெண்டுல்கர் நான்கு ரன்னில் வார்னே பந்தில் சிலிப்பில் டெய்லரிடம் கேட்ச் கொடுத்தபோது நீ எழுந்து நின்று கைதட்டி, நம்ம வரிசையே உன்னை அடிக்க வந்தது! இரண்டாவது இன்னிங்ஸில் அவர் 155 அடித்தார். அந்த 155இல் சிவா போட்ட பந்துகளுக்கும் பங்கு உண்டு. அந்த அளவுக்குப் போடத் தெரிந்த மனிதர் ஆடவேண்டிய வயதில் டெஸ்ட் அணிக்கு வெளியே இருந்தார் என்பது இன்றைக்கும் எனக்கு நெஞ்சில் உறுத்துகிறது. லெக் ஸ்பின்னர் அடி வாங்கித்தான் வளர்வான். அடி வாங்கும்போது பந்தைப் பிடுங்காமல் இருக்க ஒருவர் வேண்டும். வார்னேக்கு பார்டர் இருந்தார், அடிலெய்டில் டெர்ரி ஜென்னர் இருந்தார். ஜென்னரும் லெக் ஸ்பின்னர். சிறைக்குப் போய்வந்தவர், அதனால் அந்தப் பையனிடம் நேருக்கு நேர் பேச அவரால் முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். கோச்சை மாற்றலாம், மாற்றத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் மே மாத லீவில் யாழினியை உன்னிடம் அனுப்பட்டுமா? பத்து நாள் போதும். காலையில் நீ நடக்கப் போகிற அந்தப் பள்ளி மைதானத்திலேயே ஒரு ஸ்டம்பை ஊன்றிக்கொள். கூக்ளி சொல்லிக்கொடுக்காதே, கெஞ்சிக் கேட்பாள், சொல்லிக்கொடுத்துவிடாதே. லெக் பிரேக் மட்டும் போடட்டும், எவ்வளவு சுழற்ற முடியுமோ அவ்வளவு. உன் பையனை மட்டையோடு நிறுத்தி நன்றாக அடிக்கச் சொல். ஒவ்வொரு சிக்ஸருக்கும் பிறகு அவளுக்குப் பந்தை நீயே எடுத்துக் கொடு. அவளிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன், "மூர்த்தி மாமா நிஜமாவே அப்படித் திருப்புவாரா?" என்று கேட்டாள். தோள் வலி என்று சாக்குச் சொல்லாதே, இரண்டு பந்தாவது போட்டுக் காட்டு.

ரயிலுக்கு இந்த வாரத்துக்குள் டிக்கெட் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கிடைக்காது. தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாளைக்கே போன் பண்ணு.

அன்புடன்,
கண்ணன்