தம்பியோடு 12 நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பாவின் முழங்கால் ஆபரேஷன் ஆடி மாதத்தில்தான் என்று முடிவாகிவிட்டது. நானும் ஆஸ்பத்திரியில்தான் இருப்பேன். 12 நாள் வீட்டில் நீயும் தம்பியும் மட்டும். ஆட்டிசம் உள்ள அவனை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பேச்சு. "குளிச்சிட்டு, சட்டை மாத்திட்டு, சாப்பிட வா" என்பது நமக்கு ஒரே வாக்கியம். அவனுக்கு மூன்று வேலை, அதில் காதில் தங்குவது கடைசி ஒன்றுதான். நேராகத் தட்டின் முன்னால் போய் உட்காருவான். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று உனக்குத் தோன்றும். அவன் கேட்டதைத்தான் செய்திருக்கிறான். "துண்டு எடு." அவ்வளவு போதும். சொல்லிவிட்டு மனசுக்குள் 10 வரை எண்ணு. எட்டு, ஒன்பதில்தான் எழுந்திருப்பான். அதற்குள் பொறுக்காமல் "டவல் எடுப்பா, சீக்கிரம்" என்றால் முதலில் சொன்னது அழிந்து, புதிதாக ஒன்றைக் கேட்டதுபோல் ஆரம்பத்திலிருந்து யோசிப்பான். திரும்பச் சொல்வதானால் அதே இரண்டு சொல்லைச் சொல்.

"காபி வேணுமா?" என்று உன்னிடம் வந்து கேட்பான். உபசாரம் என்று நினைக்காதே, அவனுக்குத்தான் வேண்டும். நாம் அவனிடம் கேட்டுக் கேட்டுப் பதிந்த வாக்கியம் அது. "எனக்கு வேண்டாம்டா" என்று நீ பதில் சொன்னால் அவனுக்குக் காபி இல்லை என்று ஆகிவிடும். பல சண்டை அங்கேதான் தொடங்கும். "காபி வேணும்" என்று அவன் சொல்லவேண்டிய மாதிரி ஒரு தடவை நீ சொல், டம்ளரைக் கொடு. திரும்பச் சொன்னால்தான் தருவேன் என்று நிற்காதே. தமிழில் கேள்விக்கும் ஆசைக்கும் நடுவில் இருப்பது அந்த 'ஆ' ஒன்றுதான், அதைக் கழற்றுவது அவனுக்கு லேசான காரியம் இல்லை.

அவன் 'வேண்டாம்' என்று சொல்ல இடமிருந்தால் மட்டும் கேள்வியாகக் கேள். "மாத்திரை போட்டுக்கிறியா?" என்று கேட்டு, வேண்டாம் என்றதும் போடவைத்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு போய்விடும். அடுத்த தடவை கையைக் கடித்துத்தான் சொல்வான்.

ஹாலில் ஒட்டும் பட்டை வைத்த பலகை இருக்கிறது, அவனுடைய அன்றைய வேலைகள் அதில் படமாக வரிசையில் இருக்கும். காலையில் 6 படம், மதியத்துக்கு மேல் 5. எல்லாம் நம் வீட்டுப் பொருள்களின் போட்டோ. கார்ட்டூன் வாளியைக் காட்டினால் அதை நம் நீல வாளியோடு சேர்த்துப் பார்க்க மாட்டான். ஒன்று முடிந்ததும் அவனே படத்தைப் பிய்த்துக் கீழே உள்ள டப்பாவில் போடவேண்டும், நீ போடாதே. ஏதாவது மாறுவதாக இருந்தால் முந்தின ராத்திரியே அந்தப் படத்தின் மேல் மஞ்சள் அட்டையை ஒட்டி, பக்கத்தில் புதுப் படத்தை வை. கஷ்டமான நாளில் மட்டும் பலகையை எடுத்துக் காட்டாதே. அப்படிச் செய்தால் பலகையைப் பார்த்தாலே வில்லங்கம் என்று கற்றுக்கொள்வான்.

குளியலை நாங்கள் 9 படியாகப் பிரித்திருக்கிறோம். படங்கள் லேமினேட் செய்து அவன் கண் உயரத்துக்கு டைல்ஸில் ஒட்டியிருக்கின்றன. வாளி முக்கால், மூன்று சொம்பு, பிறகு சோப்பு. "சோப்பு போடு" என்று மட்டும் சொன்னால் வயிற்றில் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருப்பான், அதனால் கழுத்து, அக்குள், கால் என்று இடம் இடமாகப் படம். இதைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுத்தோம். முதலில் துண்டை மாட்டுவது மட்டும் அவன் வேலை, மற்ற எட்டையும் அப்பா செய்தார். அது தானாக வந்தபிறகு அதற்கு முந்தினது. வேலை முடிந்த திருப்தி ஒவ்வொரு தடவையும் அவன் கையிலேயே முடிவதால் பாதியில் விட்டு ஓடமாட்டான். இப்போது முதுகு ஒன்றுதான் பாக்கி. 12 நாள் முதுகு சரியாகத் தேய்க்காவிட்டால் ஒன்றும் ஆகாது. 24 வயது ஆண்பிள்ளை. நீ கதவுக்கு வெளியே நில், உள்ளே போகாதே. கதவைச் சாத்துவது, உடை மாற்றுவது தன் அறையில் மட்டும் என்பது இந்த வீட்டின் கறாரான விதி, நாளைக்கு வெளியார் யாரும் அவனிடம் தவறாக நடக்காமல் இருக்கவும் அதுதான் வேலி.

சட்டைப் பொத்தானில் உதவி தேவைப்பட்டால் பின்னாலிருந்து முழங்கையைத் தொட்டு நகர்த்து, பேசாதே. கை உதவியை மெல்ல மெல்ல எடுத்துவிடலாம். வாய் உதவி ஒட்டிக்கொள்ளும். "அடுத்தது, அடுத்தது" என்று பழகினால் அந்தக் குரல் இல்லாமல் கை நகராது. நேரமாகிறதே என்று நீயே போட்டுவிடத்தான் தோன்றும். வேண்டாம், 10 நிமிஷம் முன்னாடி எழுப்பு.

சாப்பாட்டில் தயிர்சாதம் தாளிக்காமல். கடுகு பல்லில் பட்டால் அந்தத் தட்டே முடிந்தது. மாத்திரையைப் பொடித்துச் சாதத்தில் ஒளித்துவைக்காதே. கண்டுபிடித்தால் மாத்திரையோடு சாதத்தையும் விடுவான். சாப்பிடுகிற ஐந்து பதார்த்தத்தில் ஒன்று போகும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காதே, டாக்டரைக் கூப்பிட்டுக் கேள். நன்றாகத்தானே இருக்கிறான் என்று நிறுத்தவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் ஆபத்தான மருந்து அதில் இருக்கிறது.

இனி நீ பயப்படும் விஷயம், அவன் கட்டுமீறித் தன்னையே அடித்துக்கொள்வது. அது திடீரென்று வருவதில்லை. முனகல் உரக்கும், ஹாலுக்கும் சமையலறைக்கும் நடை வேகமாகும், கட்டைவிரல் அடியைக் கடிப்பான். அங்கிருந்து உனக்கு 3 நிமிஷம் இருக்கிறது. டிவியை அணை, குக்கரை இறக்கு, வந்திருப்பவர்களை வாசலுக்கு அனுப்பு, நீயும் வாயை மூடிக்கொள். "என்ன வேணும், சொல்லு" என்பது அந்த நேரத்தில் அவனுக்கு இன்னொரு சத்தம், அவ்வளவுதான். தலையை முட்டினால் சுவருக்கும் தலைக்கும் நடுவில் தலையணை வை. கையைப் பிடித்து இழுக்காதே. யார் சொன்னாலும் குப்புறப் படுக்கவைத்து அமுக்கக் கூடாது, மூச்சு நின்றுவிடும். முடிந்தபிறகு தண்ணீர் கொடு. விசாரணை, மன்னிப்புக் கேட்கவைப்பது எதுவும் வேண்டாம்.

அன்றைக்கே நோட்டில் எழுது. மூன்று பத்தி: முன்னால் என்ன, அவன் செய்தது என்ன, பின்னால் என்ன கிடைத்தது. "கோபப்பட்டான்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. "6.40, மிக்ஸி ஓடியது, வலது கையால் நெற்றியில் நாலு அடி, மிக்ஸியை நிறுத்தினேன்" என்று எழுது. நாலைந்து நாள் சேர்ந்தால் அவன் எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறான், எதைக் கேட்கிறான் என்று தெரிந்துவிடும். முன்னால் ஒன்றுமே இல்லாமல் அடித்துக்கொள்கிறான் என்றால் முதலில் உடம்பைப் பார்: பல், காது, மலச்சிக்கல். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. ஆட்டிசம் இருந்தால் இப்படித்தான் என்று எந்த டாக்டராவது அனுப்பப் பார்த்தால், வாயைத் திறந்து பல்லைப் பார்க்கச் சொல்லிவிட்டு வா.

ஆடி என்பதால் தெருமுனை அம்மன் கோயில் ஸ்பீக்கர் விடிகாலை 5 மணிக்கே ஆரம்பிக்கும். மரம் அறுப்பவர்கள் போடும் காது மூடி அவன் கட்டிலருகே ஆணியில் தொங்குகிறது; ஹார்டுவேர் கடையில் வாங்கியது. பாட்டுக் கேட்கும் ஹெட்போன் அதற்கு ஈடாகாது. நாள் முழுக்க மாட்டிவிடாதே, சத்தம் குறைந்ததும் கழற்று. எப்போதும் மூடியே இருந்தால் சாதாரணச் சத்தமும் உறுத்த ஆரம்பிக்கும். அரசாங்கத் தமிழில் இவர்களுக்குப் 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்று ஒரு பெயர். அந்த ஸ்பீக்கர் போடும்போது பக்கத்தில் இருந்து பார்த்த எவரும் இந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள்.

கேட் மேல்தாழ்ப்பாளை மறக்காதே. அவனைக் காணவில்லை என்றால் வீட்டுக்குள் தேடிக்கொண்டு நிற்காமல் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு முதலில் ஓடு: வாய்க்கால், கோயில் குளம், பின்தெருக் கிணறு. யாரையாவது 112-க்குப் போன் செய்யச் சொல். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான் என்பதையும் தேடுகிறவர்களிடம் சொல்லு. தினமும் காலையில் போட்டிருக்கும் சட்டையோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்.

பீரோவில் நீல ஃபைல். ஊனமுற்றோர் சான்றிதழ், ஊனமுற்றோருக்கான தனித்துவ அடையாள அட்டை, நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீடு எல்லாம் அதில். நிராமயா ஒரு லட்ச ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் உண்டு; அதன் வருஷம் மார்ச் 31-இல் முடியும், புதுப்பிப்பதை மறந்துவிடுவோம். சான்றிதழுக்கான மறுமதிப்பீட்டுக்கு எப்போதாவது நீ கூட்டிப்போக நேர்ந்தால், ஆட்டிசம் எவ்வளவு என்று அளக்கும் ஐசா அளவுகோலில் 40 விஷயம் பார்ப்பார்கள். மொத்த மதிப்பெண் 107 முதல் 153 வரை வந்தால் நடுத்தர ஆட்டிசம். பெருமைக்காக "அதெல்லாம் செய்வான்" என்று சொல்லிவிடாதே. யாரும் தொடாமல், சொல்லாமல் என்ன செய்வானோ அதைச் சொல்.

அதே ஃபைலில் காப்பாளர் உத்தரவும் இருக்கிறது. 18 வயது முடிந்தால் பெற்றவர்கள் சட்டப்படி தானாகக் காப்பாளர் இல்லை. 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுப் போட்டு வாங்கவேண்டும். எங்களுக்குப் பிறகு நீயே கேட்கலாம், கேட்கவேண்டும் என்று கட்டாயமில்லை. கேட்டால், நியமனமான 6 மாதத்துக்குள் அவன் சொத்துப் பட்டியல் கொடுக்கவேண்டும். வருஷா வருஷம் நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. அப்பாவின் பென்ஷனில் அவனுக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பின்னால் இழுபறியில்லாமல் வர, அவர் இருக்கும்போதே பென்ஷன் உத்தரவில் அவன் பெயரை ஏற்றவேண்டும். அந்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. நாமினி போட்டாயிற்றே என்று யாராவது சொன்னால் நம்பாதே, நாமினி போடுவதால் மட்டும் குடும்ப ஓய்வூதியம் வந்துவிடாது. எந்த அலுவலகத்திலும் வாயால் 'முடியாது' என்றால் "எழுத்தில் கொடுங்கள், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மாநில ஆணையரிடம் காட்டவேண்டும்" என்று சொல். பாதி இடத்தில் முடியாதது முடிந்துவிடும்.

நீ வந்து இறங்கும்போது உன் முகத்தைப் பார்க்கமாட்டான், பையை எங்கே வைக்கிறாய் என்றுதான் பார்ப்பான். போன தடவை மாதிரி ஜன்னலோரம் வை. செருப்பு இரண்டாவது தட்டில். கண்ணாடி ஃபிரேம் மாற்றிவிட்டதாகச் சொன்னாயே, அந்தக் கண்ணாடியோடு ஒரு போட்டோ வியாழனுக்குள் அனுப்பு. பலகையில் ஒட்டவேண்டும்.

அம்மா