இரண்டே நாளில் ஏற்பு

ஐயா,

குமரி மாவட்டத் தாலாட்டுகள் பற்றிய 14 பக்கக் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். இரண்டாம் நாளே ‘ஏற்கப்பட்டது’ என்று மின்னஞ்சல். கூடவே 1,800 ரூபாய் கட்டச் சொல்லி வங்கிக் கணக்கு எண். ஆறாம் பக்கத்தில் ஒரே பாடலை நான் தவறுதலாக இரண்டு முறை ஒட்டியிருந்தேன். அதுகூடக் கண்ணில் படாத மதிப்பீட்டாளர் எப்படிப்பட்டவரோ! கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அந்த இதழின் அட்டையில் ஐ.எஸ்.எஸ்.என். எண் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த எட்டு இலக்கம் இதழுக்கு அடையாளம்தான், தரச்சான்று அல்ல. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நீக்கியது. ஆனாலும் எங்களிடம் கேட்பது நிற்கவில்லை. அக்குழு ஏற்ற இதழ்களின் ‘கேர்’ பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டதால், நல்ல இதழை நாங்களேதான் தேட வேண்டும்.

அடுத்து அணுகிய வேறோர் இதழ் கட்டுரையை யூனிகோடில் கேட்டது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியபோது ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், அடிக்குறிப்பு எண்கள் மாயம். சரிசெய்ய மூன்று இரவுகள் ஆயின. ஏழு மாதம் கழித்து மதிப்பீடு வந்தது: “பாடியவரின் ஊர், வயது, பதிவு செய்த நாள் எங்கே?” சுருக்கென்றது, கேள்வி நியாயம். கள ஆய்வு நோட்டைத் தேடி எடுத்து அட்டவணை சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

இதழைப் பரிந்துரைக்கும் நெறியாளர்கள், அதன் பழைய இதழ்கள் இரண்டையாவது முதலில் புரட்டிப் பார்க்கக் கூடாதா?

தமிழ் ஆய்வு மாணவி,
நாகர்கோவில்