அந்த நாற்பது பக்க நோட்டுக்கு நன்றி

கல்லூரியில் பொருளாதாரம் நடத்திவிட்டு எரிசக்தி ஆலோசகரானவன் நான். முதல் வேலை, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. மீட்டரில் பதிவான அளவு குறைந்தாலும் ஒப்பந்த மின்தேவையில், அதாவது ஒரே நேரத்தில் அதிகபட்சம் இவ்வளவு மின்சாரம் எடுப்போம் என்று மின்வாரியத்திடம் ஒப்புக்கொண்ட அளவில், 90 சதவீதத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்று முதலாளிக்குப் பாடம் நடத்தினேன் (பழக்கதோஷம்). ஆலை ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தின் உச்சம், அதாவது உச்சத்தேவை, ஏன் எகிறியது என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

இரவுப்பணி எலக்ட்ரீஷியன் அண்ணா, கேட்காமலேயே எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டை நீட்டினீர்கள். அரைமணிக்கு ஒருமுறை மீட்டர் அளவு, உங்கள் கையெழுத்தில். விடியற்காலையில் கம்ப்ரசர்களும் பம்புகளும் ஒன்றாக ஓடுவதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, "டீ ஆறிவிடும் சார்" என்று நகர்ந்துவிட்டீர்கள்.

அறிக்கையில் என் பெயர் இருக்கிறது. உங்கள் பெயரைக் கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த மாம்பழக் காலத்துக்குள் நேரில் தருகிறேன்.