வடிகால் வாய்களில் வாரி எடுத்த மண்ணை அன்றே அள்ள வண்டி கோரும் மனு

அனுப்புநர்:
மழைநீர் வடிகால் தன்னார்வலர்கள்,
ஆற்றங்கரைத் தெருக்கள்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வடிகால் வாய்களைப் பராமரிக்க அனுமதியும், வாரிய மண்ணை அகற்ற வண்டியும், சில திருத்தங்களும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தெருத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் வாய்களை ஞாயிறுதோறும் வாரிச் சுத்தம் செய்கிறோம். வாரிய மண் அங்கேயே கிடப்பதுதான் இப்போதைய சிக்கல். அடுத்த மழைக்கு அது கரைந்து, எடுத்த வாய்க்குள்ளேயே இறங்கிவிடுகிறது. காலை 9 மணிக்குள் நாங்கள் முடித்துவிடுவோம். அன்று மாலைக்குள் ஒரு டிராக்டர் டிப்பர் வந்தால் போதும். பிளாஸ்டிக்கைத் தனிச் சாக்கிலும், மண்ணை வாயிலிருந்து இரண்டடி தள்ளித் தார்ப்பாயிலும் வைக்கிறோம். கண்ணாடித் துண்டு, பிளேடு, ஊசி எல்லாம் கலந்திருக்கும் என்பதால், அந்த மண்ணை யார் கேட்டாலும் வயலுக்கோ தோட்டத்துக்கோ கொடுக்க வேண்டாம்.

வடிகாலின் வயிற்றைத் தூர்வாருவது எங்களால் ஆகாது. ஒன்றரை அடி அகல வடிகாலில் முக்கால் அடி வண்டல் படிந்தால், முப்பது அடி நீளத்துக்குள்ளேயே 34 கன அடி சேரும். ஈரத்தோடு ஒன்றரை டன் வரும். 600 அடித் தெருவுக்குக் கணக்குப் போட்டால் 30 டன். அது இயந்திரத்தின் வேலை. நாங்கள் மேல்பலகையைத் தூக்குவதுமில்லை, உள்ளே இறங்குவதுமில்லை. சில வீடுகளின் கழிப்பறைக் குழாய் மழைநீர் வடிகாலில்தான் விழுகிறது. ஆகவே மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலையைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை மனதில் கொண்டு, துப்புரவுப் பணியாளர் எவரையும் அதில் இறக்காமல் முதலில் அந்த இணைப்புகளைத் துண்டிக்கக் கோருகிறோம்.

தூர்வாரும்போது ஆற்றில் விழும் முனையில் தொடங்கி மேலே வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் கிளம்பும் வண்டல் கீழே போய், வாராத இடத்தில் அடைத்துக்கொள்ளும். புரட்டாசிக்குள் முடிப்பதும் அவசியம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படுவதால், ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டும்போது ஆறும் பாசன நீரோடு நிறைந்தே ஓடும். குடமுருட்டியோ வெட்டாறோ அரசலாறோ, டெல்டாவில் ஆறுதான் பாசனத்துக்கும் வடிகாலுக்கும். ஆற்றுமட்டம் முனையை மூழ்கடித்துவிட்டால், வடிகால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் எதிர்த்துத் தெருவுக்கு ஏறும். அதைத் தடுக்க முனையில் தொங்குகதவு வேண்டும்: உள்ளிருந்து தள்ளும் நீருக்குத் திறக்கும், ஆற்றுநீர் அழுத்தினால் மூடிக்கொள்ளும். ஒரு தென்னை மட்டை இடையில் சிக்கினாலும் அது மூடாது. எனவே வடிகாலுக்குள், கதவுக்குச் சற்று முன்னால், சாய்வான கம்பித் தடுப்பும் வேண்டும். அந்தத் தடுப்பையும் வாராமல் விட்டால் அதுவே அணையாகிவிடும் என்பதால், யார், எந்த நாளில் வாருவது என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். கதவு மூடியிருக்கும் நேரத்தில் ஊர்த் தண்ணீரை இறைக்க டீசல் எஞ்சின் ஒன்றையும் தயாராக வைக்கக் கோருகிறோம்.

தெருவில் தப்பும் பிளாஸ்டிக் ஆற்றோடு போய் வெங்காயத் தாமரையிலும் காட்டாமணக்கிலும் பின்னி, கடைமடை மதகுகளையும், அடியில் தண்ணீரைக் கடத்தும் கீழ்க்குமிழிகளையும் அடைக்கிறது. இங்கே ஒரு சாக்கில் முடிகிற வேலை, அங்கே வயலுக்குப் பாயும் தண்ணீரை மறித்து நிற்கிறது.

வாய்களுக்குப் புதிதாகப் போடும் இரும்புக் கிராதிகளில் கம்பி இடைவெளி ஒன்றேகால் அங்குலம் இருக்கட்டும். அரை அங்குலமானால் அரசிலை நாலு விழுந்தாலே மூடிவிடும். கம்பிகள் வண்டி ஓடும் திசைக்குக் குறுக்கே இருந்தால் சைக்கிள் சக்கரம் இறங்காது. ஒரு பக்கம் கீல் வைத்து, ஒருவரே தூக்குமளவுக்குச் செய்ய வேண்டும். கீலில்லாத கிராதி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

தார் போடும்போதெல்லாம் தெரு உயர்ந்து வாய்களையும் தார் மூடுகிறது. பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதியது போட வேண்டும். ஒப்பந்ததாரரின் பில்லில் கையெழுத்திடும் முன் வாய்களை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

ஆயுத பூசைக்கு மறுநாள் தனி வண்டி தேவை. வாழைக்கன்றும் உடைத்த பூசணியும் அன்றுதான் வடிகாலுக்கு வரும். வாழைத்தண்டு சீக்கிரம் மட்காது, குறுக்கே விழுந்தால் குப்பை முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வாய்களில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவதையும் நிறுத்தக் கோருகிறோம். அது அப்படியே ஆற்று மீனுக்குப் போகிறது.

ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு பல்வாரி, ஒரு மண்வெட்டி, மண் அள்ள இரண்டு பாண்டு, ரப்பர் கையுறை, கம்பூட்ஸ், போக்குவரத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு சிவப்புக் கொடி ஆகியவை வேண்டும். எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால் காலில் புண் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது வாயருகே போவதுமில்லை.

புரட்டாசி பிறப்பதற்குள் வண்டிக்கும் முனைத் தூர்வாரலுக்கும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மழைநீர் வடிகால் தன்னார்வலர்கள்

இணைப்பு: எண்ணிட்ட வாய்களின் தெருவாரி வரைபடம்.