இரண்டரைக் கட்டை

மதுரை
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல். போனில் பேசினால் உனக்கு நடுவில் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது, சொல்ல வந்தது பாதியில் நிற்கிறது. இதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

பரண்மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருக்குமே, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் "இதை எடைக்குப் போட்டுரலாம்ப்பா" என்பாயே, அதைக் கீழே இறக்கிவிட்டேன்.

போன மாதம் பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், "ஏய் பெட்டி!" அந்தப் பெயரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டு 35 வருடம் ஆகிறது. திரும்பினால் எங்கள் பழைய பாட்டுக் குழுவில் பாங்கோஸ் மேளம் வாசித்த சிம்மக்கல் மாமா. தலை முழுக்க வெளுத்து, கையில் மஞ்சள் பை. இரண்டு பேரும் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டோம். மாத்திரையை மறுநாள்தான் வாங்கினேன்.

உனக்கு என்னை மில் வேலைக்காரனாகத்தான் தெரியும். ஷிப்டு முடிந்ததும் உன் அப்பா எங்கே போனான் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. 1975-இல் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வைத்தோம். செல்லூரில் ஒரு மாடியில் ஒத்திகை. சுற்றிலும் தறிகள், தறிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் சுருதி காதில் விழும் என்பதால் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் ஆரம்பிப்போம். மைக் செட்காரரிடம் இசைத்தட்டை இரவல் வாங்கி, ஒவ்வொரு இடையிசையையும் பத்துத் தடவை ஓடவிட்டுப் பிடிப்போம். பண்ணைப்புரத்து அண்ணன் தம்பிகள் பாவலர் பிரதர்ஸ் என்ற பெயரில் ஊர் ஊராகக் கச்சேரி செய்த வட்டாரம் இது. அவர்களில் ஒருவர் இளையராஜாவாகி 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது, நம்ம பக்கத்து ஆள் ஜெயித்துவிட்டார் என்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பாட்டுகளை மேடையில் வாசிக்கப் பதினைந்து நாள் தூங்காமல் பழகினோம்.

அந்தக் கறுப்புப் பெட்டியில் இருப்பது என் அக்கார்டியன், துருத்தியை விரித்து மூடி வாசிக்கும் கருவி. ஜெர்மன் ஹோனர் கம்பெனியுடையது. 1977-இல் சென்னையில் ஒருவரிடம் பழையதாக 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். உன் அப்பத்தாவின் தோடு அதில் போயிருக்கிறது. வலது கைக்கு 41 கட்டைகள், இடது கைக்கு 120 பொத்தான்கள். தோளில் மாட்டினால் ஒரு பச்சைக் குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு வைத்த மாதிரி இருக்கும், கனமும் சூடும். மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர், திருமங்கலம் என்று எங்கே பொங்கல் வைத்தாலும், முளைப்பாரி எடுத்தாலும் கூப்பிடுவார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்தால் ஒரு மணி, இரண்டு மணி ஆகும். துண்டுச் சீட்டில் பாட்டு எழுதி, கூடவே ஐந்து ரூபாய் மடித்து மேடைக்கு அனுப்புவார்கள். முடித்துவிட்டுச் சாமான்களை முதல் பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டுவோம். ஆனால் பெட்டியை மட்டும் நான் மேலே ஏற்றவிட மாட்டேன், மடியில்தான் வைத்திருப்பேன். பெயர் அப்படித்தான் வந்தது.

எங்கள் பாடகர் செல்லூர்ப் பெரியப்பா. அழகர்கோயிலில் உனக்கு மொட்டை போட்டுக் காது குத்தியபோது, நீ வீறிட்டு அழ, பக்கத்தில் உட்கார்ந்து பாடி உன் அழுகையை நிறுத்தியவர். டி.எம்.எஸ். குரல் அவருக்கு. சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். அவர் இரண்டரைக் கட்டையில் எடுத்து மேல் பஞ்சமத்தில் நின்றால், முனிச்சாலையில் வளையல் விற்பவர் வரை கை தட்டுவார்.

அவரோடுதான் நான் பேசாமல் போனேன். 1989-இல் அவர் ஒரு எலெக்ட்ரானிக் கீபோர்டு வாங்கினார். அடுத்த கச்சேரிக்கு எனக்குத் தகவல் வரவில்லை. குழு கிளம்பிப் போனதையே மறுநாள் டீக்கடையில்தான் கேள்விப்பட்டேன். அன்று பெட்டியைப் பரணில் போட்டவன்தான். உன் அம்மா எவ்வளவோ சொல்லியும் நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. 14 வருடம் கூடவே வாசித்தவனை ஒரு பிளாஸ்டிக் பலகைக்காகத் தள்ளிவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

சிம்மக்கல் மாமாதான் எங்களைச் சேர்த்துவைத்தார். முனிச்சாலையில் டி.எம்.எஸ்.ஸுக்குச் சிலை வைத்து 2023-இல் திறந்தார்களே, அந்தச் சிலையடிக்கு வரச் சொன்னார். பெரியப்பா எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். தபேலா மாமாவும் வந்திருந்தார், காது சரியாகக் கேட்பதில்லை. எங்கள் ஏழு பேரில் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஒருவர் இறந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். டீக்கடை பெஞ்சில் ரெண்டு மணி நேரம் இருந்தோம்.

எழுந்திருக்கும்போது பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "சோழவந்தான் பக்கம் ஒரு திருவிழா, மேடைக்குப் பின்னாடி நீ என்னைய என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

எனக்கு இல்லை, பாப்பா. அவர்தான் சொன்னார். அந்த வருடம் அவருக்குத் தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது. டாக்டர் மேல் ஸ்தாயியில் பாடவே கூடாது என்றாராம். பாடகனுக்குக் குரல் போச்சு என்று தெரிந்தால் எவனும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டான். அதனால் வீட்டிலும் சொல்லவில்லை, குழுவிலும் சொல்லவில்லை. அன்று ராத்திரி என்னிடம் வந்து மெதுவாக, ஒன்றரைக் கட்டைக்கு இறக்கி வாசி என்றிருக்கிறார். இரண்டரையில் பழகிய பாட்டை ஒன்றரையில் வாசிக்க, விரல் போகும் கட்டைகள் எல்லாமே மாறும். நான் சிடுசிடுத்து, அத்தனை பேர் காது கேட்க, "இரண்டரையில பாடுனவனுக்கு இப்ப ஒன்றரை கேக்குதாக்கும், அடுத்த வருஷம் தாலாட்டுப் பாடத்தான் லாயக்கு" என்று சொல்லியிருக்கிறேன்.

கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சுருதி தானாக இறங்கும், வாசிப்பவன் விரலை மாற்ற வேண்டியதில்லை. அவர் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க வேண்டாம். அந்தப் பொத்தானுக்காகத்தான் வட்டிக்குக் கடன் வாங்கி அதை வாங்கினாராம்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த ரோட்டோரத்தில், பஸ்ஸும் ஆட்டோவும் போய்க்கொண்டிருக்க, அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "விடுப்பா, பெட்டி இருக்கா?" என்றுதான் அவர் கேட்டார்.

இருந்தது. திறந்தால் பூஞ்சை வாடை. துருத்தியின் மடிப்புகளில் ஓரமெல்லாம் தோல் வெடித்திருந்தது. விரித்தால் ஒரு மூச்சு வந்தது, சுரம் வரவில்லை. ஆர்மோனியம் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் மூடியைக் கழற்றியதும், சுரம் எழுப்பும் ரீடு தகடுகளில் ஏழெட்டு உதிர்ந்து உள்ளே கிடந்தன. ரீடுகளைப் பிடித்துவைத்திருந்த மெழுகு இத்தனை வருடச் சூட்டில் காய்ந்து பொடியாகிவிட்டதாம். தேன்மெழுகில் கொஞ்சம் பிசின் சேர்த்து உருக்கி, ஒவ்வொரு தகட்டையும் பதித்து, ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார். பெரியப்பா மூன்று நாளும் என்னோடு அங்கே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் பெரியவர் என்னை விரித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு ரீடு இன்னும் பிசிறடிக்கிறது, மற்றதெல்லாம் பேசுகிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் செல்லூரில் அதே தெருவில், பெரியப்பா வீட்டு மாடியில் உட்காருகிறோம். இன்றைக்கும் போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன். தபேலா மாமாவுக்குக் காது கேட்காவிட்டாலும் என் துருத்தி விரிவதைப் பார்த்தே தாளம் விடாமல் வாசிக்கிறார். பெரியப்பா ஒரு கட்டையில் பாடுகிறார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நானாகவே கேட்டுக்கொள்கிறேன், "அண்ணே, எதுல வச்சுக்கிறீங்க?" ஒரு கட்டையில் அந்தப் பழைய பாட்டுகளுக்கு வேறு ஒரு நிறம் இருக்கிறது, தாயி. நீ வந்து கேட்க வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு லீவு போட்டு வா. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று சாயங்காலம் நம் வீட்டு மொட்டை மாடியில் வாசிப்பதாகப் பேச்சு. அம்மா இப்போதே யாருக்கு எத்தனை இலை என்று கணக்குப் போடுகிறாள்.

அப்புறம் ஒரு உதவி. பெட்டியின் தோள் வார் இரண்டும் அறுந்துவிட்டன. செருப்புத் தைப்பவரிடம் ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறேன், தாங்காது. உன் ஊரில் பெரிய இசைக்கருவிக் கடைகள் இருக்குமே, 120 பொத்தான் அக்கார்டியனுக்கு என்று கேட்டு ஒரு ஜோடி வாங்கி வா. அகலமானதாகப் பார், உள்பக்கம் மெத்தை வைத்திருக்க வேண்டும். என் வலது தோள் இப்போது அவ்வளவு கனம் தாங்குவதில்லை.

அன்புடன்,
அப்பா