சங்குப் படம் போட்ட தபால்தலைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா சிங்கப்பூர், தோ பாயோவிலிருந்து எழுதுவது. சனிக்கிழமை இரவு நீ படபடவென்று பேசி வைத்த பிறகு எங்கள் இருவருக்கும் தூக்கம் வரவில்லை. விடுதியில் இருக்கும் பேரன் உடன்படிக்கும் பெண்ணுக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளையெல்லாம் நீ படித்துவிட்டதாகவும், விடுமுறைக்கு வரும்போது அவனை உட்காரவைத்து மாப்பிள்ளையின் முன்னிலையில் அவற்றை வாசிக்கப் போவதாகவும் சொன்னாய். அந்தக் கடைசிச் சொல்தான் என்னை எழுத வைத்தது. தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே மறித்துவிடுவாய்.

1978இல், எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, இங்கே தேக்காவில் கடை வைத்திருந்த உன் தாத்தா என்னைச் 'சிதம்பரம்' கப்பலில் சென்னைக்கு அழைத்துச் சென்று, ஊட்டி விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டுத் திரும்பினார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் 46 கிலோமீட்டரும் நான் அழுதுகொண்டே போனதை அவர் கடைசிவரை யாரிடமும் சொன்னதில்லை.

உன் பாட்டியின் கடிதங்களில், சிங்கப்பூர் 1977இல் வெளியிட்ட சங்கு, சிப்பித் தபால்தலைகள் ஒட்டியிருக்கும். அவற்றை வெந்நீரில் ஊறவைத்து, பசை கரைந்ததும் ஓரம் கிழியாமல் உரித்து, நோட்டுக்குள் அழுத்திக் காயவைப்பேன். எல்லாம் என் வகுப்பில் படித்த, கடலையே பார்த்திராத, ஈரோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்திக்காக. லாகரிதம் புத்தகத்தை இரவல் கொடுக்கும் சாக்கில் அதற்குள் ஒன்றை வைத்து அனுப்புவேன். திரும்பி வரும்போது அதே பக்கத்தில் ஒரு தைல மர இலை இருக்கும். அந்தப் புத்தகத்தை மூக்கருகே வைத்துக்கொண்டுதான் நான் கணக்குப் படித்தேன். மதிப்பெண் ஏறவில்லை என்பது வேறு கதை. இரண்டு ஆண்டுகளில் நாங்கள் நேரில் பேசியது பத்து வாக்கியம் இருந்தால் அதிகம்.

ஒருமுறை மட்டும், தபால்தலையோடு ஒரு துண்டுச் சீட்டும் வைத்தேன். 'ஒரு நாள் உனக்குக் கடலைக் காட்டுவேன்' என்று எழுதியிருந்தேன், அவ்வளவுதான். அது விடுதிக் காப்பாளர் கையில் சிக்கியது. அன்று இரவு, பையன்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில், தட்டில் கரண்டியால் தட்டி எல்லோரையும் அமைதிப்படுத்திவிட்டு அதை வாசித்தார். "கடலையா? வறுத்ததா, அவித்ததா?" என்று அவர் கேட்டபோது கூடமே சிரித்தது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். நான் பள்ளியை முடித்துத் தேசிய சேவைக்காக ஊர் திரும்பும்வரை என் பெயர் 'கடலை'தான். எனக்காவது பட்டப்பெயரோடு போயிற்று. அவளையோ அந்தப் பருவம் முடிந்ததும் அவளுடைய அப்பா வந்து அழைத்துப் போய்விட்டார். கடைசியாக வந்த புத்தகத்தில் இலை இல்லை.

உண்மையைச் சொன்னால், அவள் முகம் இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தக் கரண்டிச் சத்தம்தான் இருக்கிறது. கோல்மன் தெருவில் தபால்தலை அரும்பொருளகம் இருந்த காலத்தில் உன்னை அங்கே அழைத்துச் சென்றபோது, ஒரு சங்குத் தபால்தலையின் முன் நான் நின்றுவிட்டேன். பசிக்கிறது என்று நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். உன் அம்மாவுக்கு இந்தக் கதை கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அந்தப் பெண் தப்பித்தாள் என்பது அவளுடைய தீர்ப்பு.

படிப்பு கெடுகிறது என்று நினைத்தால் தாராளமாகக் கண்டித்துக்கொள், அம்மா. அதில் நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் அவன் எழுதியதில் ஒரு வரியைக்கூட உன் வாயால் வாசிக்காதே. அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் பேசாதே.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டலாம். பேரனிடம் வேண்டாம், 'கடலைத் தாத்தா' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவான்.

அன்புடன்,
அப்பா