புயலுக்குப் பிறகு எங்களுக்கு வேண்டியது ஒரு கரும்பலகை

டெல்டா கடலோர மாவட்டங்களின் மதிப்பிற்குரிய ஆட்சியர்களுக்கு,

வணக்கம். பருவமழை முன்னேற்பாட்டுச் சுற்றறிக்கை இந்த வருஷமும் வந்து சேர்ந்தது. புயல் கடந்த பிறகு தண்ணீர், மின்சாரம், நிவாரணம் பற்றிய தகவல்கள் ‘வார்டு வாட்ஸ்அப் குழுக்களில் உடனுக்குடன் பகிரப்படும்’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியதையும், ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்ததையும் உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. கோப்பில் இருக்கும். அதற்கடுத்த வாரங்களில் ஊருக்குள் சேதி எப்படி நடமாடியது என்பதுதான் எந்தக் கோப்பிலும் இருக்காது.

டவர் சாயாமல் நின்றாலும் போன் வேலை செய்யாது. டவரில் உள்ள பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதன்பிறகு ஜெனரேட்டர்தான், ஆனால் டீசல் வண்டி வரும் பாதையில் மரம் கிடக்கும். டீசல் வந்து சேர்ந்தாலும், ஃபைபர் கேபிள் பல இடங்களில் ஈபி கம்பத்தில்தான் தொங்கிக்கொண்டு வருகிறது. கம்பம் விழுந்தால் அதுவும் அறுந்துவிடும். அப்போது போனில் சிக்னல் கோடு முழுசாகத் தெரியும், கால் மட்டும் போகாது. ஜனங்கள் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தே இருக்கிற சார்ஜையும் தீர்த்துவிடுவார்கள். 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் போன்கள் ஒரே நேரத்தில் அலறினவே, அந்த எச்சரிக்கைச் சோதனை நல்ல ஏற்பாடுதான். புயலுக்கு முன்னால் பயன்படும். டவர் நின்றபின் அதற்கும் வாயில்லை.

ஆகவே சேதி கால்நடையாகத்தான் வரும். முதலில் பால்காரர். எந்தச் சந்தில் மரம் கிடக்கிறது, யார் வீட்டு ஓடு பறந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அடுத்தது டீக்கடை. கேஸ் அடுப்பு என்பதால் கரண்ட் இல்லாமல் திறக்கும் முதல் கடை அதுதான். மூன்றாவது, வெளியூரிலிருந்து வந்து சேரும் முதல் பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும். இவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் நேரம் சொல்வதில்லை. காலை எட்டு மணிக்கு ‘மேலத்தெருவுல தண்ணி வருது’ என்று கிளம்பிய சேதி, மதியம் கீழத்தெருவை எட்டும்போதும் ‘வருது’ என்றேதான் இருக்கும். தண்ணீர் நின்று மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி, அதற்கு ஒரு 10 ஹெச்பி நீர்மூழ்கி மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதனால் 25 கேவிஏ ஜெனரேட்டராவது வேண்டும். கல்யாண வீட்டுக்கு லைட் போடும் சின்ன ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். பெரிய ஜெனரேட்டர் ஊருக்கு ஒன்று கிடைப்பதே பெரும்பாடு. அதை மினி லாரியில் ஏற்றி ஒவ்வொரு தொட்டியாகக் கொண்டுபோக வேண்டும். தொட்டி நிறைய இரண்டு மணி நேரமாவது ஆகும். நிறைந்ததும் வால்வைத் திறப்பார்கள். தெருக்குழாயில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அந்த ஒரு மணி நேரம் எப்போது என்று தெரிந்த வீட்டில் சோறு, தெரியாத வீட்டில் வெறும் குடம்.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று உண்டு. அவசரத்தில் ஜெனரேட்டரின் மூன்று பேஸ் வயரை வரிசை மாற்றிக் கொடுத்துவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் கேட்கும், தண்ணீர் மட்டும் நூலாக வரும். தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இரண்டு வயரை மாற்றிப் போட்டு ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிடுவார். இல்லையென்றால், பக்கத்தில் நின்று பார்த்த யாரோ ஒருவர் ‘போர் வத்திப்போச்சு’ என்பார். அது டீக்கடைக்கு வரும்போது ‘இனிமே தண்ணியே கிடையாதாம்’ ஆகிவிடும். சாயங்காலம் ரோட்டில் காலிக்குடங்களோடு மறியல். அதிகாரிகள் அதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்பார்கள். தொடக்கம் இரண்டு வயர்.

அதனால்தான் கேட்கிறோம்: ஊருக்கு ஒரு கரும்பலகை வையுங்கள்.

நாலடிக்கு மூன்றடி போதும். மழைச்சாரல் படாமல் தாழ்வாரத்துக்குள் மாட்ட வேண்டும், இல்லையென்றால் சாக்பீஸ் கரைந்து ஓடிவிடும். இடம் ஆபீஸ் வாசலாக இருக்கக் கூடாது, டீக்கடை எதிரிலோ பஸ் நிறுத்தத்திலோ இருக்கட்டும். காலை ஏழு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் எழுத வேண்டும். எழுதுபவர் கிராம உதவியாளரோ பேரூராட்சி ஊழியரோ, யாரானாலும் சரி, அவர் பெயரும் எழுதிய மணியும் மேலே இருக்க வேண்டும். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு, எந்த டிரான்ஸ்ஃபார்மர் வேலை நடக்கிறது, எந்த ரோடு திறந்திருக்கிறது, டாக்டர் எங்கே இருக்கிறார், ரேஷன் எந்த வார்டுக்கு. புதிதாக எதுவும் இல்லையென்றால் ‘மாலை 4 மணி, புதிய தகவல் இல்லை’ என்று எழுத வேண்டும். பலகை காலியாக இருந்தால் அதை வதந்தி நிரப்பிவிடும்.

கணக்கெடுப்புத் தேதியும் அந்தப் பலகையில் வரட்டும். கஜாவுக்குப் பிறகு விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 என்று மரத்துக்கு 1,100 அறிவித்தார்கள். அறிவிப்பு வந்தது, கணக்கெடுக்க ஆள் எப்போது வருவார் என்பதுதான் வரவில்லை. ஆள் வருமுன் மரத்தை அறுத்தால் கணக்கில் சேராதோ என்ற பயத்தில் தோப்பைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தால் தண்ணீரும் போச்சு, ரேஷனும் போச்சு.

அமைச்சர் வருகிற சேதி மட்டும் எந்த டவரும் இல்லாமல் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது. ரோட்டோரம் ப்ளீச்சிங் பவுடர் கோடு விழுந்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ‘அவசரத்துக்கு 1077-ஐ அழையுங்கள்’ என்று பெரிய பேனர் வைக்கிறீர்கள். எதிலிருந்து அழைப்பது என்றும் கீழே சின்னதாகப் போட்டிருக்கலாம். செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்கிறீர்கள். இறக்கினோம். காற்றில் கூரையே இறங்கிய வீட்டில் செயலி மட்டும் பத்திரமாக இருக்கிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டோம்.

இன்னும் இரண்டு சின்ன விண்ணப்பங்கள். தண்டோரா போடுவதை நிறுத்திவிட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொள்ளச் சொல்லி 2022-ல் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதினார். ஒரு மனிதரைப் பறையோடு தெருத்தெருவாக நடக்கவிட்டது ஒழிந்தது நல்லதே. ஆனால் அந்த வண்டி ஓடிக்கொண்டே பேசினால் ஒரு வீட்டுக்கு அரை வாக்கியம்தான் விழும். தெருமுனையில் நிறுத்தி, தேதியும் மணியும் சேர்த்து, இரண்டு தடவை சொல்லச் சொல்லுங்கள். பள்ளிவாசல், கோயில், சர்ச் மைக்குகளுக்கும் அதே தாளைக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, காரைக்கால் பண்பலை 100.3-க்கு உங்கள் அலுவலகத்திலிருந்து தினம் ஒரே நேரத்தில் ஊர்வாரித் தகவல் போகட்டும். பழைய பட்டன் போன் பலவற்றில் ஹெட்செட் வயரைச் செருகினால் எஃப்எம் எடுக்கும், அதற்கு டவர் வேண்டாம்.

இவை இரண்டும் முடியாவிட்டாலும் பரவாயில்லை. பலகை ஒன்றை மட்டும் தயவுசெய்து தாருங்கள். எந்தச் சுவர், எழுதுவது யார், அவர் வராவிட்டால் மாற்று ஆள் யார் என்ற மூன்றையும் அக்டோபர் முதல் வாரத்துக்குள் ஊருக்கு அறிவித்துவிட்டால் போதும். ஆணி அடித்து மாட்டிக் கொடுக்க நாங்கள் வருகிறோம். சாக்பீஸும் எங்கள் செலவு.

இப்படிக்கு,
கடலோரச் சிற்றூர் ஒன்றின் மோட்டார், வயரிங் வேலைக்காரர்கள்